பட்டி அடைத்த துளையும் பழைய ஒஸ்டினின் பீடிங்கும்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தந்தையார் விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 காருக்குச் சென்ற மாதம்தான் புதிதாக வர்ணம் பூசி முடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஓடும் பீடிங்குகள், அதாவது மினுங்கும் உலோகப் பட்டைகள், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியபடி கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வர்ணம் பூசியவர், கதவுகளிலும் மட்கார்ட்டுகளிலும் பீடிங்கைப் பிடிக்கும் கிளிப்புகளுக்காக இருந்த துளைகளைப் பட்டியால், தகட்டின் பள்ளம் நிரப்பும் பசைமாவால், அடைத்துவிட்டாராம். "இனித் துளையே வேண்டாம், நல்ல பசை போட்டு ஒட்டிவிடலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். ஒட்டலாமா? அல்லது இவ்வளவு செலவழித்துப் பூசிய வர்ணத்தில் மறுபடி துளையிடத்தான் வேண்டுமா?

துளைகளைத் திறவுங்கள். மனம் வலிக்கும், தெரியும். கண்ணாடிபோல மின்னும் கதவில் துளைக்கருவியை வைக்கும்போது கை நடுங்காதவர் யாரும் இல்லை. ஆனால் நீங்கள் பீடிங்கையே பூட்டாமல் விட்டாலும்கூட அந்தத் துளைகளைத் திறந்துதான் ஆக வேண்டும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்; பூட்டும் முறை அதன் பின்னால் தானாக வரும்.

பட்டி என்பது தகடு அல்ல. அதில் பெரும்பகுதி மாக்கல் தூள். அது ஈரத்தை உறிஞ்சும். துளைக்கு வெளிப்பக்கம் அடிப்பூச்சும் வர்ணமும் பட்டியைக் காக்கின்றன; உட்பக்கம் அதற்குக் காவல் எதுவும் இல்லை. கதவுக் கண்ணாடியின் ஓரத்தால் இறங்கும் மழைநீர் கதவின் உட்புறமாக வடிந்துதான் அடியிலுள்ள வடிதுளைகளுக்குப் போகிறது. போகும் வழியில் ஒவ்வொரு பட்டி அடைப்பையும் நனைத்துவிட்டுப் போகிறது. பட்டி உறிஞ்சிய ஈரம், துளையின் வெறும் உருக்கு விளிம்பை நாள் முழுவதும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓராண்டு, கூடிப்போனால் இரண்டு ஆண்டு. பிறகு கதவின் நடுவே வரிசையாக, சின்னம்மை கண்டதுபோலக் கொப்புளங்கள் எழும்பும். அதைக் குத்திப் பார்த்தால் உள்ளே கறள். திறந்து கிடக்கும் துளைக்காவது காற்றுப் பட்டுக் காய வாய்ப்பு உண்டு. பட்டி அடைத்த துளைக்கு அதுவும் இல்லை.

இதை நான் கண்ணால் கண்டு கற்றேன். என் மாமாவிடம் ஒரு வெள்ளை மொரிஸ் ஒக்ஸ்போர்ட் இருந்தது. உங்கள் ஒஸ்டினும் அதுவும் ஒரே உடம்பு. முகமும் பெயர்ப்பட்டையும்தான் வேறு. அதற்கு நான் இளைஞனாக இருந்தபோது பீடிங் பூட்டினேன். துளைகளைச் சுற்றி ஹார்ட்வெயார் கடையில் கிடைத்த சாதாரண சிலிக்கோனை அப்பினேன். பிழியும்போது வினாகிரி வாசனை வந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து, வெள்ளைக் கதவில் ஒவ்வொரு கிளிப்புக்கும் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, கண்ணீர் வடிந்து காய்ந்ததுபோல. பீடிங்கைக் கழற்றியபோது கிளிப் வரவில்லை. கிளிப் இருந்த இடத்தில் கறள் செதில்தான் உதிர்ந்தது. துளை, நான் விட்டதைவிட இரண்டு மடங்கு பெருத்திருந்தது. அந்த வினாகிரி வாசனை அசற்றிக் அமிலத்தினுடையது. அந்த வகைச் சிலிக்கோன் காயும்போது வெளிவிடும் அமிலம் வெறும் உருக்கை அரிக்கும். மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் அது மனதில் நிற்கிறது.

கொழும்புக் காற்றை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் இருப்பது வெள்ளவத்தை. காலி வீதிக்குக் கடல் பக்கம் என்றால், மாலையில் காரின் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆண்டுக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் மழை, எந்த மாதத்திலும் குறையாத ஈரப்பதம், இவற்றோடு உப்பு. எவர்சில்வர் பீடிங்கும் சாதாரண உருக்குத் தகடும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு சிறு பற்றரிபோல வேலை செய்யும். அதில் கரைந்துபோவது உருக்கு. பெரிய எவர்சில்வர்ப் பரப்புக்கு முன்னால் சின்னஞ்சிறு வெறும் உருக்கு விளிம்பு நின்றால், முழு அரிப்பும் அந்த விளிம்பின் தலையில் விழும். பீடிங் பூட்டிய காரில் துளை விளிம்புதான் அந்தச் சின்னஞ்சிறு பரப்பு. ஆகவே பீடிங் பூட்டும் வேலையில் முக்காற்பங்கு துளையைக் காக்கும் வேலை. மிச்சக் காற்பங்குதான் கோட்டை நேராக நிறுத்துவது.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் துளைக்கருவியை எடுக்கவே வேண்டாம். கதவுக் கண்ணாடிகளை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். கைப்பிடிகளைக் கழற்றி, கதவின் உட்பலகையை எடுத்துவிடுங்கள். பின்னால் மெழுகுத் தாளோ பொலித்தீனோ ஒட்டியிருந்தால் கிழிக்காமல் ஓரத்திலிருந்து உரியுங்கள். டோர்ச் விளக்கை உள்ளே விட்டு வெளித்தகட்டின் பின்புறத்தைப் பாருங்கள். அடைத்த துளைகள் தாமாகவே காட்டிக்கொடுக்கும். வெளியிலிருந்து அழுத்தியபோது பட்டி துளைவழியே பிதுங்கி, உள்ளே குட்டிக் காளான்போலக் காய்ந்து நிற்கும். கதவு நெடுக அந்தக் காளான்கள் ஒரே வரிசையில் தெரிந்தால், அதுதான் தொழிற்சாலை போட்ட வரிசை.

வரிசைக்கு வெளியேயும் சில தெரியலாம். பழைய இலங்கைக் கார்களில் இது வழமை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்த காலத்தில் ஒரு கிளிப் உடைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. கிடைத்த திருகாணியைப் பக்கத்தில் குத்தினார்கள், ரிவெட் அடித்தார்கள், ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஓட்டியதால்தான் இந்தக் கார்கள் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஆனால் அந்த உபரித் துளைகளுக்கு இனி வேலை இல்லை. அவற்றையும் பட்டி சுரண்டித் திறந்து, பின்புறம் சின்னத் தகடு வைத்து வெல்டிங்கால் ஒட்டவைப்பதா, எபொக்சியால் இருபுறமும் மூடி வர்ணம் தொடுவதா என்பதை உங்கள் டிங்கரிங் பாஸிடம், தகட்டு வேலைக்காரரிடம், கேட்டு முடிவெடுங்கள். பீடிங்குக்குள் மறையும் இடமென்றால் எபொக்சி போதும். வெளியே தெரியும் இடமென்றால் தகடு வைத்து ஒட்டவைப்பதுதான் நிலைக்கும்.

காளானைக் கண்டதும் பெரிய துளைக்கருவியை உள்ளிருந்து வைத்துக் குத்திவிடாதீர்கள். உள்ளிருந்து வெளியே தள்ளினால் புது வர்ணம் பொருக்காகப் பெயர்ந்துவரும். ஒரு மில்லிமீற்றர் துளையிடும் அலகைக் கையால் திருகும் சிறு பிடியில் மாட்டி, காளானின் நடுவில் மெல்லத் திருப்புங்கள். பட்டி மென்மையானது, விட்டுக்கொடுக்கும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு வெளிப்பக்கம் அந்தப் புள்ளியின்மேல் காகித டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி, புள்ளியைக் குறித்து, வெளியிலிருந்து மூன்று மில்லிமீற்றர், பிறகு கிளிப்புக்கு வேண்டிய அளவு என்று படிப்படியாகப் பெருப்பியுங்கள். அலகில் ஒரு சிறு இறப்பர்க் குழாய்த் துண்டைக் கோத்து, பத்து மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே போகாமல் தடுத்துவிடுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றச் சொன்னதும் இதற்காகவே. இறக்கியிருந்தால் அது அலகின் நேர் பின்னால் நிற்கும். 1960களின் ஒஸ்டின் கதவுக் கண்ணாடி ஒன்றை இன்று பழைய கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்து தேட வேண்டிவரும்.

துளையைத் தகடு வைத்து ஒட்டவைத்து மூடியிருந்தால் காளான் தெரியாது. அப்போது பீடிங்கே உங்களுக்கு அளவுகோல். பீடிங்கின் முதுகில் நீளவாட்டில் காகித டேப்பை ஒட்டி, பழைய கிளிப் இருந்த தடங்களைப் பேனையால் குறியுங்கள். எவர்சில்வரின் உட்பக்கத்தில் கிளிப் உரசிய இடம் மங்கலான பட்டையாகத் தெரியும். டேப்பை உரித்துக் காரில் ஒட்டினால் துளைகளின் இடம் தெரிந்துவிடும்.

துளை திறந்தபின் செய்ய வேண்டியதில் அவசரம் கூடாது. விளிம்பின் பிசிறைப் பெரிய அலகு ஒன்றால் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் முழுவதும் சுரண்டுங்கள். விளிம்பில் பளிச்சென்று உருக்கு தெரிய வேண்டும். கறள் இருந்தால் கறள் மாற்றித் திரவம் தொட்டு, அது சொல்லும் நேரம் காத்திருங்கள். துளையிட்டபோது விழுந்த உருக்குத் துகளைக் காந்தத்தால் எடுங்கள். கதவின் அடியில் ஒரு துகள் தங்கினாலும் மறுநாள் காலை அது பழுப்புப் புள்ளி. பிறகு எபொக்சி அடிப்பூச்சு. ஒரு தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, பூச்சில் தோய்த்து, துளைக்குள் விட்டுத் திருகி எடுங்கள். தூரிகை முன்பக்கத்தை மட்டும் நனைக்கும்; ஈர்க்குப் பஞ்சு விளிம்பின் தடிப்பையும் பின்பக்கத்தையும் ஒரே திருகில் நனைத்துவிடும். காய்ந்ததும் இன்னொரு முறை. அதன்மேல் உங்கள் காரின் வர்ணத்தில் ஒரு தொடுகை. ஒரு கதவுக்கு இது அரைநாள் எடுக்கும். எடுக்கட்டும்.

அது காயும் நேரத்தில் பீடிங்குகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுங்கள். எந்த உலோகம் என்று தெரியாமல் மெருகிடக் கூடாது. காந்தம் ஒட்டவில்லை என்றால் எவர்சில்வர் அல்லது அலுமினியம் அல்லது பித்தளையில் முலாம். ஒட்டினால் உருக்கில் முலாம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பீடிங்குக்குப் பயன்படும் எவர்சில்வரில் காந்தம் ஒட்டும் வகையும் உண்டு. கையில் தூக்கிப் பாருங்கள்: அலுமினியம் இலேசு. பின்பக்கத்தைப் பாருங்கள்: முலாம் பூசியதென்றால் பின்னால் முலாம் மெலிந்து, கறளோ பித்தளை மஞ்சளோ எங்காவது எட்டிப்பார்க்கும். எவர்சில்வர் முன்னும் பின்னும் ஒரே நிறம்.

எவர்சில்வர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அறுபது ஆண்டுப் பள்ளத்தையும் எடுக்கலாம். கடினமான மரத்துண்டு ஒன்றில் பீடிங்கின் வளைவுக்கு ஏற்பக் குழி செதுக்கி, பீடிங்கைக் கவிழ்த்து வைத்து, உட்பக்கத்திலிருந்து மரமுளையாலும் சிறு சுத்தியலாலும் தட்டுங்கள். ஒரே அடியில் எடுக்கப் பார்க்காதீர்கள். மழைத்துளி விழுவதுபோல, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். உலோகம் நீண்டுவிட்டால் பிறகு அது குடமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதைத் திருப்பி அடக்குவது பள்ளம் எடுப்பதைவிடப் பத்து மடங்கு கடினம். பிறகு தண்ணீர் தொட்டு 320, 400, 600, 800, 1000 என்று தாள் மாற்றித் தேயுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் முழுதாகப் போய்விட்டதா என்பது தெரியும். கடைசி மெருகைப் பஃபிங் சக்கரத்தில் போடுவதென்றால் ஒரு எச்சரிக்கை: சக்கரம் பீடிங்கின் கூர்விளிம்பைப் பிடித்தால் கையிலிருந்து பறித்து எறிந்துவிடும், சவுக்குப்போல. விளிம்பை விட்டு விலகும் திசையில் மட்டும் பிடியுங்கள். பழக்கம் இல்லையென்றால் பாத்திரங்களுக்கு மெருகிடும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கை பழகிய கை.

அலுமினியம் என்றால் வேறு கதை. அந்தக் காலத்து அலுமினியப் பீடிங்கின் மினுக்கம் மேலே போட்ட கடினமான ஒட்சைட்டுப் படலத்துக்குள் இருக்கிறது. படலத்தின்மேல் எவ்வளவு தேய்த்தாலும் மங்கல் போகாது. கோஸ்டிக் சோடாக் கரைசலால் படலத்தைக் கரைத்தால்தான் உலோகம் வெளிவரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. வெளிவந்த உலோகம் நன்றாக மின்னும். ஆனால் படலம் இல்லாமல் கடற்காற்றில் சில மாதங்களிலேயே வெளிறிவிடும். ஆகவே மறுபடி படலம் ஏற்றிக் கொடுப்பவர் கிடைத்தால் மட்டுமே அந்த வேலையில் இறங்குங்கள். இல்லாவிட்டால் சுத்தப்படுத்தி, மெழுகு பூசி, அந்த வயதின் மங்கலோடேயே பூட்டுங்கள். அதிலும் ஒரு அழகு இருக்கிறது.

இப்போது பசைக்கு வருகிறேன். உங்கள் வர்ணக்காரர் சொன்ன யோசனையை நான் மறுப்பதற்கு வெப்பமும் ஒரு காரணம். கொழும்பில் நடுப்பகலில் வெயிலில் நிற்கும் காரின் தகட்டில் கை வைக்க முடியாது. இரவின் குளிருக்கும் அந்தச் சூட்டுக்கும் இடையில் 40 பாகை வித்தியாசம் எளிதாக வரும். ஒரு மீற்றர் நீள அலுமினியம் அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் நீளும். அதன் பின்னாலுள்ள உருக்குத் தகடு 0.5 மில்லிமீற்றர்தான் நீளும். நாள்தோறும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். கல்லாக இறுகும் எபொக்சிப் பசை அந்த இழுபறியைத் தாங்காது. ஒரு நாள் வர்ணத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். கிளிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பீடிங் கிளிப்பின்மேல் வழுக்கி நகரும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் சும்மாவா கிளிப் போட்டார்கள்?

நுரை வைத்த இருபுற அக்ரிலிக் டேப் பசையைவிட எவ்வளவோ மேல். அது மீள்தன்மை உள்ளது. இன்றைய கார்களில் பீடிங் நிற்பதே அதில்தான். துளையே இல்லாமல் பிறந்த தகட்டில் இலேசான, நேரான துண்டை ஒட்டுவதென்றால் நானும் அதையே பயன்படுத்துவேன். காலையில், நிழலில், தண்ணீரும் ஐசோபுறொப்பைல் அற்கஹோலும் சரிபாதி கலந்து துடைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி ஒட்ட வேண்டும். முழுப் பலம் வர 72 மணித்தியாலம் ஆகும், அதுவரை கழுவக்கூடாது. பிற்காலத்தில் எடுக்க வேண்டிவந்தால் தங்கூசி நூலைப் பின்னால் விட்டு அறுத்தால் வர்ணத்துக்குச் சேதமில்லாமல் வந்துவிடும். ஆனால் உங்கள் ஏ60இன் பீடிங் வளைவோடு ஓடுவது, சொந்த முறுக்கு உள்ளது. முறுக்கோடு நிற்கும் உலோகம் ஒவ்வொரு பகலும் டேப்பை முனையிலிருந்து உரித்துக்கொண்டே இருக்கும். அதுவும் போக, பட்டி அடைத்த துளைகள் அதன் பின்னால் அப்படியே இருக்கும்.

கிளிப்புகளில் உங்களுக்கு இரண்டு வகை தேவைப்படலாம். நடுவில் வருவது அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் வில் கிளிப் அல்லது இறப்பர் உறை போட்ட பிளாஸ்டிக் கிளிப். முனைகளில் வருவது தலை பீடிங்குக்குள் வழுக்கி, தண்டு துளைவழியே போய், உள்ளிருந்து நட்டுப் போடும் வகை. பிரித்தானியக் கார் என்பதால் மரை அங்குல அளவு. மில்லிமீற்றர் நட்டைத் திணித்துத் தண்டை அழித்துவிடாதீர்கள். பழைய கிளிப் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். "ஒஸ்டினுக்கு" என்று கேட்டால் பாதிக் கடைகள் இல்லை என்று சொல்லும். கிளிப்பை மேசையில் வைத்து, பீடிங்கின் உள் அகலத்தையும் சொல்லிக் கேட்டால், வேறு எந்தக் காருக்கோ வந்தது ஒரு டப்பாவிலிருந்து வெளியே வரும். அகலமும் துளை அளவும் பொருந்தினால் போதும், எந்தக் காருடையது என்பது முக்கியமல்ல. நட்டும் வாஷரும் பழைய சோனகத் தெருவில் பார்க்கலாம். இறப்பர் வாஷரை எண்ணி வாங்காமல் கூடுதலாகவே வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஆண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒஸ்டினுக்கு மட்டுமல்ல. பக்கத்து வீட்டில் வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால் சொல்லிவிடுங்கள்: 1966 வரை அதற்கு அகலமான பீடிங், 1967 முதல் ஒடுக்கமானது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கோட்டை நேராக நிறுத்துவது பற்றி. தொழிற்சாலைத் துளைகள் கிடைத்துவிட்டால் கோடு பெரும்பாலும் கிடைத்துவிட்டது. ஆனாலும் கதவுகள் அறுபது ஆண்டில் இறங்கியிருக்கும். பீடிங் பூட்டுமுன் கதவுகளைக் கீலில் சரிசெய்து, இடைவெளிகளை ஒத்துவரச் செய்யுங்கள். பிறகு செய்தால் கோடு கதவோடு சேர்ந்து ஏறி இறங்கும். தரையிலிருந்து அளக்காதீர்கள். தரை சரியும், காரைத் தாங்கும் வில்லுத் தகடுகளும் ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். உடம்பிலேயே ஓடும் மடிப்புக் கோட்டிலிருந்து அளவெடுங்கள்.

பஞ்சிகாவத்தை ஒழுங்கை ஒன்றில் ஒரு முதிய பாஸ் இதைச் செய்ததை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று மில்லிமீற்றர் அகல டேப்பை முன்விளக்குப் பக்கம் ஒரு கையில் பிடித்து, மறுகையால் சுருளை இழுத்தபடி பின்னோக்கி நடந்தார். டேப்பைத் தகட்டில் அழுத்தவில்லை. இழுவிசையில் அது தானே தகட்டில் படிய விட்டார். நாலரை மீற்றர் நீளக் காரின் கடைசிவரை வந்தபின்தான் முனையை விரலால் அமர்த்தினார். பிறகு வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்து, பின்கதவில் டேப்பைத் தூக்கி ஒரு நூலளவு மேலே வைத்தார். மறுபடி எதிர்ப்பக்கம் போனார். நான் அளவுநாடாவால் அளந்து, "கீழே இருந்ததுதான் சரி" என்றேன். "கண்ணுக்கு எது சரியோ அதுதான் சரி, மகன்" என்று சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்னது உண்மை. தகடு உள்வாங்கி வளையும் இடத்தில் அளவுக்கு நேரான கோடு கண்ணுக்குத் தொய்ந்து தெரிகிறது. நூல் கட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்: நூல் வளைவைத் தாண்டிப் பாலம்போல நிற்கும், தகட்டோடு ஓடாது.

பூட்டும்போது இருவர் வேண்டும். பீடிங் ஓடும் இடத்துக்கு மேலும் கீழும் காகித டேப் ஒட்டி வர்ணத்தைக் காத்துக்கொள்ளுங்கள். துளைகள் உறுதியாகத் தெரிந்த நீளமான துண்டில் தொடங்குங்கள். ஏ60க்கு நான் முன்கதவில் தொடங்குவேன். ஒவ்வொரு கிளிப்பின் தோளைச் சுற்றியும் பியூட்டைல் சாந்தைக் கயிறுபோல உருட்டி வையுங்கள். அது காய்ந்து இறுகாது, அமிலம் விடாது, பல ஆண்டு கழித்தும் மெத்தென்று இருக்கும். கிடைக்காவிட்டால் நடுநிலைச் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். திறந்து முகர்ந்து பாருங்கள், வினாகிரி வாசனை வந்தால் திருப்பிக் கொடுங்கள். கிளிப்பை அமுக்கும்போது சாந்து சுற்றிலும் ஒரு மயிரிழை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் நீர் புகும்.

வில் கிளிப் என்றால் பீடிங்கின் மேல்விளிம்பை முதலில் கொளுவி, உள்ளங்கையால் கீழ்விளிம்பை அமர்த்துங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். கிளிப் சரிந்திருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பீடிங் கையில் வைத்துப் பிடிக்கும்போதே உடம்பின் வளைவோடு படிந்து நிற்க வேண்டும். கிளிப்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது என்றால் ஒரு வெயில் நாளில் காலி வீதியில் கழன்று விழும். முழங்காலில் துணி போட்டு, சிறிது சிறிதாக வளைத்துச் சரிசெய்யுங்கள். முனை நட்டை விரலால் இறுகும்வரை திருகி, சாவியால் கால் சுற்று மட்டும். கூடினால் வெளித்தகட்டில் பள்ளம் விழும். புது வர்ணத்தில் அது வெள்ளிக் காசளவு நிழலாகத் தெரியும்.

கதவு ஓரத்தில் பீடிங்கை மூன்று மில்லிமீற்றராவது உள்ளே நிறுத்துங்கள். கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு கீலைச் சுற்றி உள்நோக்கித் திரும்பும். பீடிங் முனை நீண்டிருந்தால் மட்கார்ட்டின் விளிம்பை உழுதுவிடும். நட்டை இறுக்குமுன் கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்து, ஒருவர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடியையும் மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்ளே நீட்டியிருக்கும் தண்டு கண்ணாடியில் உரசினால் அந்தத் தண்டைக் குறுக்கி, வெட்டிய முனைக்கும் பூச்சுத் தொடுங்கள்.

இரண்டு வர்ணக் காராக இருந்தால் பீடிங்தான் எல்லை. வர்ணங்கள் சந்திக்கும் கோடு பீடிங்கின் நடுவுக்குப் பின்னால் விழுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். உண்மையில் பீடிங்கை வர்ணத்துக்கு முன்பே ஒருமுறை முழுவதும் பூட்டிப் பார்த்துக் கழற்றியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்த வாய்ப்புப் போய்விட்டது. இதை வாசிக்கும் வேறு யாராவது இன்னும் வர்ணத்துக்குக் கொடுக்காமல் இருந்தால், இந்த ஒன்றையாவது செய்யுங்கள். துளைகளில் பட்டி வைக்க விடாதீர்கள்.

எல்லாம் பூட்டியபின் உட்பலகையை உடனே மாட்டிவிடாதீர்கள். வெளியே ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பீடிங்கின்மேல் ஐந்து நிமிடம் பிடிக்கட்டும். நீங்கள் உள்ளே டோர்ச் விளக்கோடு ஒவ்வொரு கிளிப்பையும் பாருங்கள். கண்ணாடி ஓரத்தால் நீர் வரும், அது இயல்பு. கிளிப்பின் தண்டில் துளி கட்டினால் அந்தக் கிளிப்பை எடுத்துச் சாந்தை மாற்றுங்கள். கதவின் அடியிலுள்ள வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தி, நீர் வெளியேறுவதையும் பாருங்கள். காய்ந்தபின் கிளிப்புகளின் பின்பக்கம் முழுக்கக் குழிவு மெழுகு, தகட்டின் உட்பொந்துகளில் கறள் பிடிக்காமல் அடிக்கும் மெழுகு, அடியுங்கள். பொலித்தீனைத் திரும்ப ஒட்டுங்கள். கிழிந்திருந்தால் புதிது வெட்டுங்கள்.

உட்பலகையை மாட்டுமுன், அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு துளையும் கதவின் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், மடிப்புக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். மாமாவின் மொரிஸை இரண்டாம் முறை திறந்தபோது, பின்கதவின் உட்பலகையில் அப்படி ஒரு வரிசை எண்கள், அங்குலத்தில், சாய்ந்த பழைய கையெழுத்தில் இருந்தன. யார் எழுதியது என்று மாமாவுக்கும் தெரியவில்லை. அந்த எண்களை வைத்துத்தான் பெருத்துப்போன துளைகளை அடைத்து, சரியான இடத்தில் மறுபடி துளையிட்டேன்.